ஒரு ஜம்ப், ஒரு கோடி லெவல், ரெண்டு கட்சி

வீடியோ கேம் ஆடுறவங்க நாலு பேர் கூடுற இடத்துல 'லிட்டில்பிக்பிளானெட்'ங்கிற பேரைச் சும்மா எடுத்துப் போட்டுப் பாருங்க. ஒருத்தர் "அந்த மாதிரி ஒரு கேம் இனிமே வரவே வராது"ம்பார். பக்கத்துல இருக்கறவர் "அதுல ஒழுங்கா குதிக்கக்கூட முடியாதே"ம்பார். ரெண்டு பேரும் ஆடினது ஒரே கேம். ரெண்டு பேரும் சொல்றதும் உண்மைதான். 2008-ல ஆரம்பிச்ச இந்தச் சண்டை, கேமோட சர்வரை எல்லாம் மூடினப்புறமும் ஓயலை. அந்தச் சண்டையோட வரலாறுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க :-)

கேம் பக்கமே போகாத மக்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். பிளாட்ஃபார்ம் கேம்னா ஓடணும், குதிக்கணும், மேடு பள்ளம் தாண்டணும், கடைசிக்குப் போய்ச் சேரணும். அவ்வளவுதான். 1985-ல நின்டெண்டோ வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' இந்த வகைக்குப் பாடப்புத்தகம் மாதிரி. லிட்டில்பிக்பிளானெட்டும் இந்த வகைதான். கோணித்துணியில தைச்ச ஒரு குட்டிப் பொம்மை, பேரு சாக்பாய். அவன் ஓடுறான், குதிக்கிறான், எதையாவது பிடிச்சுத் தொங்குறான். ஆனா கூடவே இன்னொரு சமாச்சாரமும் இருக்கு. அந்த லெவல்களை எந்தக் கருவிகளை வச்சு உருவாக்கினாங்களோ, கிட்டத்தட்ட அதே கருவிகளை ஆடுறவர் கையிலேயும் கொடுத்துட்டாங்க. நீங்களே லெவல் கட்டலாம், உலகத்துக்கு அனுப்பலாம். "ஆடு, உருவாக்கு, பகிர்"ங்கிறதுதான் அவங்க தாரக மந்திரம்.

இதுக்கு முன்னாடி

ஆடுறவனையே லெவல் கட்டச் சொல்றது புது யோசனை இல்லை. 1983-லேயே ரெண்டு கேம் வந்தாச்சு. ஒண்ணு பில் பட்ஜ் எழுதின 'பின்பால் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்'. நமக்குப் பிடிச்ச மாதிரி பின்பால் பலகையை நாமே அடுக்கிக்கலாம். இன்னொண்ணு டக்ளஸ் ஸ்மித்தோட 'லோட் ரன்னர்'. அதுல 150 லெவலும், கூடவே ஒரு லெவல் எடிட்டரும் இருந்தது. 1984-ல நின்டெண்டோவோட 'எக்ஸைட்பைக்' வந்துச்சு. அதுல பைக் ஓடுற பாதையை நாமே போட்டுக்கலாம். போட்டதைச் சேமிக்கிறதுக்கு மட்டும் ஒரு கேசட் ரெக்கார்டர் வேணும். அந்த ரெக்கார்டரை ஜப்பானைத் தாண்டி எங்கேயும் விக்கலை. அதனால அமெரிக்காவுல பாதை போட்ட பசங்க, மெஷினை ஆஃப் பண்ணினதும் போட்டதெல்லாம் போச்சு.

சேமிக்க முடியாத படைப்பு. இதை ஞாபகம் வச்சுக்கங்க, கடைசியில இதே மேட்டருக்குத்தான் திரும்ப வரப்போறோம்.

நாலு பேரு கட்டின பொம்மை

இங்கிலாந்துல கில்ட்ஃபோர்டுன்னு ஒரு ஊர். அங்கே லயன்ஹெட் ஸ்டூடியோவுல வேலை பார்த்தவங்க மார்க் ஹீலி, அலெக்ஸ் எவன்ஸ், டேவிட் ஸ்மித், கரீம் எட்டூனி. ஹீலியும் நண்பர்களும் சேர்ந்து ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்துல 'ராக் டால் குங்ஃபூ'ன்னு ஒரு கேம் பண்ணி 2005-ல வெளியிட்டாங்க. மௌஸால பொம்மையோட கையையும் காலையும் பிடிச்சு இழுத்துச் சண்டை போடணும். அங்கேயே பிள்ளையார் சுழி விழுந்தாச்சு. பொம்மை தளதளன்னு ஆடும், எடை இருக்கும், இழுத்தா வரும்.

2006 ஜனவரியில இந்த நாலு பேரும் சேர்ந்து மீடியா மாலிக்யூல் கம்பெனியை ஆரம்பிச்சாங்க. சோனி பணம் போட்டது. 2007 மார்ச்ல நடந்த கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸ் மேடையில சாக்பாயை முதன்முதலா உலகம் பார்த்தது. 2008 அக்டோபர்ல ரிலீஸுக்குத் தயார்.

ரிலீஸுக்குச் சில நாள் முன்னாடி ஒரு கலாட்டா. பின்னணி இசையில மாலி நாட்டுக் கலைஞர் துமானி ஜபாத்தேயோட ஒரு பாட்டு இருந்தது. அதுல குர்ஆன் வாசகங்கள் வருதுன்னு ஒருத்தர் சுட்டிக்காட்டினார். சோனி உலகம் முழுக்க ரிலீஸைத் தள்ளிவச்சு, பாடல் வரிகளை எடுத்துட்டு வெறும் இசையை மட்டும் விட்டது. ஜபாத்தேயே ஒரு முஸ்லிம். எங்க ஊர்ல இசையும் மார்க்கமும் ஒண்ணாத்தான் இருக்குங்கிற ரீதியில அவர் விளக்கமும் கொடுத்தார். அது ஒரு தனிப் பதிவுக்கான விஷயம்.

கேம் வந்ததும் விமர்சகர்கள் தூக்கிக் கொண்டாடினாங்க. மெட்டாக்ரிட்டிக்ல 100-க்கு 95. ஒரு லெவல் தொகுதிக்கு நம்ம நாட்டுக் கோயில், யானை எல்லாம் வச்சே சாயல் கொடுத்திருந்தாங்க. பாடம் சொல்லிக்கொடுக்கிற குரல் ஸ்டீஃபன் ஃப்ரையோடது. எல்லாம் சுபம்.

ஆடினவங்க மட்டும் முணுமுணுக்க ஆரம்பிச்சாங்க: "ஜம்ப் சரியில்லையே.."

அந்த ஜம்ப்ல என்னதான் பிரச்சினை?

இங்கே கொஞ்சம் கோடு பக்கம் போகணும். பொழைப்பே அதுதான், பொறுத்துக்கங்க.

மாரியோ குதிக்கிறது இயற்பியல் இல்லை. நல்லாப் பொய் சொல்ற கணக்கு. பட்டனை அமுக்கிப் பிடிச்சிருந்தா மேலே போகும்போது புவியீர்ப்பு குறைச்சல். விட்டுட்டா அதிகம். அந்தரத்துல இருக்கும்போதே திசையைத் திருப்பலாம். நிஜத்துல எவனாலயும் இப்படிக் குதிக்க முடியாது. ஆனா விரலுக்கு அது நிஜமா இருக்கும். நினைச்ச இடத்துல இறங்குவான். அந்த எண்களை உக்காந்து உக்காந்து செதுக்கியிருக்காங்க.

சாக்பாய் அப்படி இல்லை. அவன் இருக்கிற உலகத்துல எல்லாத்துக்கும் எடை உண்டு. மரம், கல், கண்ணாடி, உலோகம், ஸ்பாஞ்ச், அட்டைன்னு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கனம், ஒரு வழுக்கல். பஞ்சு மாதிரி லேசான பலகையில சாக்பாய் ஏறினா பலகை சாயும். நகர்ற வண்டியில இருந்து குதிச்சா வண்டியோட வேகமும் கூடவே வரும். ஓட ஆரம்பிச்சா நிக்க ஒரு நொடி வழுக்குவான். குதிச்சா காத்துல மிதக்கிற மாதிரி மெத்துனு போய் மெத்துனு இறங்குவான்.

இது போதாதுன்னு ஆழம்னு இன்னொண்ணு. முன்னால, நடுவுல, பின்னாலன்னு மூணு தளம். எந்தத் தளத்துல இறங்கணும்னு பல நேரம் கேமே முடிவு பண்ணும். நீங்க முன்னால இருக்கிற படியில ஏறணும்னு குதிப்பீங்க, அவன் பின்னால இருக்கிற படிக்குத் தாவுவான். கீழே நெருப்பு. செக்பாயின்ட்ல உயிர் எண்ணிக்கை தீர்ந்துட்டா லெவலையே முதல்ல இருந்து ஆடணும். கடைசிப் பகுதியில 'பங்கர்'னு ஒரு லெவல் இருக்கு. அதைத் தாண்டினவங்களைக் கேளுங்க, கன்ட்ரோலரைச் சுவத்துல அடிக்காம இருந்ததே பெரிய விஷயம்பாங்க.

ஆக முதல் கட்சி: குதிக்கிறதுதான் பிளாட்ஃபார்ம் கேம், குதிக்கிறதே சரியில்லாத கேமுக்கு 95 மார்க்கா?

கேள்வி நியாயமானதுதான்.

இன்னொரு கட்சி

எங்க ரூம்ல ஒரு பழைய ப்ளேஸ்டேஷன் 3 இருந்தது. ரூம்மேட் ரெண்டு பேர். ஒருத்தன் பிறவி மாரியோ ஆள். அரை மணி நேரத்துல இந்த டிஸ்க்கைக் கழட்டி வச்சுட்டுப் போயிட்டான். இன்னொருத்தன் மெக்கானிக்கல் படிச்சவன். கதை லெவல்களைப் பாதியில விட்டுட்டு நேரா கட்டுற பக்கம் போனான். கயிறு சுருட்டுற வின்ச்சை வச்சு ஒரு கிணறு, ராட்டினம், வாளி, சாக்பாய் வாளியில உக்காந்து கீழே இறங்குறான். நாலு நாள் ஆச்சு அதைக் கட்ட. வாளி சுவத்துல இடிச்சுக் கவுந்துச்சு. கயித்தோட நீளத்தை மாத்தினான். வாளிக்குக் கீழே கல் வச்சு எடை கூட்டினான். மறுபடி கவுந்துச்சு. அஞ்சாவது நாள் வாளி நேரா இறங்கினப்போ அவன் முகத்தைப் பார்த்திருக்கணுமே! நாலு வருஷம் காலேஜ்ல வராத சந்தோஷம்.

கவனிங்க, அவனுக்கு அந்த ஜம்ப் பத்திக் கவலையே இல்லை. ஏன்னா அவன் விளையாடினது இயற்பியலோட. ரெண்டு சக்கரம், ஒரு மோட்டார் போல்ட், ஒரு பலகை. சேர்த்தா வண்டி ஓடும், யாரும் 'வண்டி'ன்னு தனியா கோடு எழுதலை. சக்கரம் உருள்ற அதே விதிதான் சாக்பாயையும் உருட்டுது.

எல்லாருக்கும் புரியறதுக்கு ஒரு உதாரணம். 2008-லேயே ஒரு ரசிகர் லெவலுக்குள்ள கூட்டல் கழித்தல் போடுற கால்குலேட்டர் கட்டினார். அந்த முதல் கேம்ல லாஜிக் கேட்டே கிடையாது! பிஸ்டன் நகர்ந்தா காந்த சுவிட்ச் விழும், சுவிட்ச் விழுந்தா அடுத்த பிஸ்டன் நகரும். நூத்துக்கணக்கான பிஸ்டன், மரத்துண்டு, கம்பி. மரத்தால செஞ்ச கம்ப்யூட்டர்! நாங்க டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் பேப்பர்ல அடர் சர்க்யூட் படம் வரைஞ்சு பாஸ் பண்ணினதோட சரி, இவர் நிஜமாவே ஓட்டிக் காட்டிட்டார்.

மாரியோவோட பொய்க்கணக்கு உலகத்துல இது நடக்காது. பொருளுக்கு நிஜ எடை இருக்கிற உலகத்துலதான் நடக்கும். அப்படிப்பட்ட உலகத்துல மனுஷனும் கொஞ்சம் வழுக்கத்தான் செய்வான்.

என்னைக் கேட்டா, பழிச்ச ஜம்ப்பும் புகழ்ந்த படைப்பும் தனித்தனி விஷயமே இல்லை. ஒரே நாணயத்தோட ரெண்டு பக்கம். ரெண்டு கட்சியும் ஆளுக்கு ஒரு பக்கத்தைப் பார்த்துக்கிட்டுச் சண்டை போட்டிருக்காங்க.

மூணாவது கட்சி

கட்டவும் தெரியாது, மாரியோ வெறியும் இல்லை, நல்ல லெவல் கிடைச்சா ஆடலாம்னு வந்த கூட்டம்தான் பெருசு. இவங்க பாடுதான் திண்டாட்டம்.

கதவைத் திறந்துவிட்டா எல்லாரும் வருவாங்க இல்லையா? பாம் வெடிக்கும், தப்பிக்கணும்னு ஒரு லெவல் ஹிட் ஆச்சுன்னா அதே மாதிரி எக்கச்சக்கமா வரும். நீ என் லெவலுக்கு ஹார்ட் போடு, நான் உன் லெவலுக்குப் போடறேன்னு பண்டமாற்று. (நம்ம பதிவுலகத்துல இதெல்லாம் கிடையவே கிடையாது, ஹி ஹி.) மத்தவங்க ஹார்ட் போட்டாத்தான் கிடைக்கும்னு சில கோப்பைகளை கேமே வச்சிருந்தது, பண்டமாற்றுக்கு அதுவே தூபம். நல்ல லெவல் கட்டினவங்களுக்கு வேற தலைவலி. வேற கேம் கதாபாத்திரத்தைச் சாயலா வச்ச லெவல்கள் காப்புரிமைப் பிரச்சினைன்னு திடீர்னு காணாமப் போகும். ஆரம்பத்துல என்ன காரணம்னு விளக்கம்கூட வரலைன்னு 2008 நவம்பர்லேயே பெரிய புலம்பல்.

ஏழு வருஷம் கழிச்சு 2015-ல நின்டெண்டோ 'சூப்பர் மாரியோ மேக்கர்' கொண்டுவந்தப்போ ஒரு சின்ன விதி வச்சாங்க. நீ கட்டின லெவலை நீயே ஒருதரம் ஆடி ஜெயிச்சாத்தான் பதிவேத்த முடியும். எளிமையான விதி. குறைஞ்சபட்சம் எல்லா லெவலும் முடிக்கக்கூடியதா இருக்கும். அங்கே ஜம்ப்பும் பழைய மாரியோ ஜம்ப்தான், கச்சிதம். ஆனா அங்கே நீங்க அடுக்கறது நின்டெண்டோ செஞ்சு கொடுத்த கட்டைகளை மட்டும்தான். கிணத்து ராட்டினம் கட்ட முடியாது. முதல் கட்சிக்கு அது சொர்க்கம். ரெண்டாவது கட்சிக்கு, நல்லா இருக்கு, ஆனா...

ஏன் திருத்தலை?

"சரிப்பா, ஜம்ப் சரியில்லைன்னு எல்லாரும் சொன்னாங்களே, அடுத்த பாகத்துல மாத்தியிருக்கலாமே?" நியாயமான கேள்வி. இந்த வரலாற்றுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமும் இதுதான்.

2011 ஜனவரியில இரண்டாம் பாகம் வந்தது. லாஜிக் கேட், மைக்ரோசிப், நாமே நடத்தை சொல்லிக்கொடுக்கிற பொம்மைகள் எல்லாம் வந்துச்சு. பந்தயம், துப்பாக்கிச் சண்டைன்னு பிளாட்ஃபார்மே இல்லாத கேம்களைக்கூட அதுக்குள்ள கட்டலாம். ஜம்ப்? கிட்டத்தட்ட அதேதான்.

காரணம் என்னன்னு ஒரு கோடு எழுதறவனா நான் நினைக்கிறதைச் சொல்றேன். முதல் பாகத்துல ஜனங்க கட்டின அத்தனை லெவலும் இரண்டாம் பாகத்துல ஓடும்னு வாக்குக் கொடுத்திருந்தாங்க. அந்த லெவல் ஒவ்வொண்ணும் பழைய ஜம்ப்பை அளந்து கட்டினது. இந்தப் பள்ளத்தைத் தாண்டலாம், அந்தப் படியில ஏற முடியாதுன்னு லட்சக்கணக்கானவங்க அந்த மிதக்கிற ஜம்ப்பை நம்பித்தான் கட்டியிருக்காங்க. இப்போ ஜம்ப்பை ஒரு இழை கூட்டினா தாண்டக் கூடாத சுவத்தைத் தாண்டிடுவான், ஒரு இழை குறைச்சா தாண்ட வேண்டிய பள்ளத்துல விழுவான். திருத்தினா லட்சக்கணக்கான லெவல் உடையும்.

எங்க ப்ராஜெக்ட்ல ஒரு பழைய ஃபங்ஷன் இருக்கு. பேர்லேயே எழுத்துப்பிழை. புதுசா சேர்ற ஒவ்வொருத்தரும் "இதைத் திருத்தலாமா?"ன்னு கேப்பாங்க. எத்தனை இடத்துல அதைக் கூப்பிடுறாங்கன்னு தேடிப் பார்த்துட்டு அமைதியா சீட்டுக்குப் போயிடுவாங்க :-) ஊரே நம்பிட்டா பிழையும் சட்டமாயிடும். சாக்பாயோட ஜம்ப்பை அப்படி உறைய வச்சது மீடியா மாலிக்யூல் இல்லை, அதை ஆடி, அதை நம்பிக் கட்டின ஜனங்கதான்.

பாகப்பிரிவினை

2014-ல மூணாவது பாகம், சுமோ டிஜிட்டல் பண்ணினது. தளம் மூணுல இருந்து பதினாறு ஆச்சு. வெளிவந்தப்போ பக் நிறைய, அதுக்குத் தனியா திட்டு வாங்கினாங்க. ஆனா நிஜமான முடிவு வந்தது 2020-ல. ஒரே வருஷம், ரெண்டு கேம்.

பிப்ரவரியில மீடியா மாலிக்யூலோட 'ட்ரீம்ஸ்'. சிலை வடிக்கலாம், இசை போடலாம், முழு கேமே பண்ணலாம். படைக்கிறவங்களுக்கே ஆன கேம். நவம்பர்ல சுமோ டிஜிட்டலோட 'சாக்பாய்: எ பிக் அட்வென்ச்சர்'. அதே கோணிப் பொம்மை. ஜம்ப் கச்சிதம், நினைச்ச இடத்துல இறங்குறான். ஆனா லெவல் கட்டுற வசதி? கிடையாது. சுத்தமா எடுத்துட்டாங்க.

அதாவது பன்னெண்டு வருஷச் சண்டைக்குப் பாகப்பிரிவினை மாதிரி ஒரு தீர்ப்பு. பெரியவனுக்குப் பட்டறை, சின்னவனுக்கு விளையாட்டு மைதானம், நடுவுல சுவர். ரெண்டு கேமும் நல்ல கேம்தான். ஆனா குதிச்சு ஆடிக்கிட்டே போறவன், "இதை எப்படிக் கட்டியிருப்பான்?"னு யோசிச்சு, அதே கையோட போய்க் கட்டிப் பார்க்கிற அந்தப் பாதை ரெண்டுலேயும் பழைய மாதிரி இல்லை. ட்ரீம்ஸுக்கும் 2023 செப்டம்பரோட புது அப்டேட்களை நிறுத்திட்டாங்க.

கடைசியில யாருக்கு நஷ்டம்?

2021-ல லிட்டில்பிக்பிளானெட் சர்வர்கள் மேல தொடர் தாக்குதல். அந்த வருஷம் செப்டம்பர்ல ப்ளேஸ்டேஷன் 3 சர்வர்களை நிரந்தரமா மூடிட்டாங்க. ப்ளேஸ்டேஷன் 4-ல மூணாவது பாகம் வழியா மட்டும் பழைய லெவல்களை ஆடலாம்னு ஒரு ஜன்னல் இருந்தது. 2024 ஜனவரியில அதுவும் முடங்கி, ஏப்ரல்ல காலவரையின்றி மூடறோம்னு அறிவிப்பு வந்தது. ஒரு கோடிக்கு மேல லெவல்கள். ஒரே அறிவிப்புல கதவு சாத்தியாச்சு.

இப்போ கணக்குப் பாருங்க. ஜம்ப் சரியில்லைன்னு சொன்ன கட்சிக்கு ஒண்ணும் போகலை. டிஸ்க்ல கதை லெவல் அப்படியே இருக்கு, இன்னிக்கும் போட்டுத் திட்டிக்கிட்டே ஆடலாம். போனது முழுக்க மத்த கட்சியோடது. கட்டினவங்ககிட்ட அவங்கவங்க மெஷின்ல ஒரு பிரதி இருக்கலாம், ஹார்ட் டிஸ்க் உயிரோட இருந்தா. ஆனா யாரும் வந்து ஆட முடியாத லெவல், யாரும் வராத கல்யாண மண்டபம் மாதிரிதானே? நாற்பது வருஷம் முன்னாடி எக்ஸைட்பைக் பாதை போட்ட பையன் மெஷினை ஆஃப் பண்ணினப்போ போனது ஒரு பாதை. இப்போ ஒரு கோடி.

இதுல ஒரு வேடிக்கை. முதல் கேமோட கதையில வில்லன் பேரு கலெக்டர். (மாவட்ட ஆட்சியர் இல்லைங்க!) எல்லாரும் படைச்சதை அள்ளிக்கிட்டுப் போய் யாருக்கும் பகிராம பூட்டி வச்சுக்கிறதுதான் அவன் குத்தம்.

ரசிகர்கள் சும்மா இருக்கலை. பழைய லெவல்களை லட்சக்கணக்குல இறக்கிச் சேமிச்சு இன்டர்நெட் ஆர்க்கைவ்ல ஏத்திட்டாங்க. கேம் சர்வர்கிட்ட என்ன பேசுதுன்னு கவனிச்சு, அதே மாதிரி பதில் சொல்ற சர்வரைச் சொந்தமா எழுதி, பழைய கேமை அதுல ஓட்டுறாங்க. சம்பளம் இல்லாத வேலை. ஜம்ப் நல்லா இருக்கிற கேமுக்காக யாராவது இவ்வளவு மெனக்கெடுவாங்களான்னு தெரியலை. ஏன்னா அங்கே காப்பாத்த வேண்டியது கம்பெனியோட சரக்கு, இங்கே காப்பாத்தறது தங்களோட சரக்கு.

நான் எந்தக் கட்சின்னு கேப்பீங்க. ஜம்ப் மோசம்தான், சந்தேகமே இல்லை. ஆனா அந்த வழுக்கலைக் கொடுத்துத்தான் மரக் கால்குலேட்டரையும் கிணத்து வாளியையும் வாங்கியிருக்கோம். எனக்கு அது மலிவான விலையாத்தான் படுது. எங்க மாரியோ ரூம்மேட்டுக்கு இன்னமும் அநியாய விலை. அவன் இதைப் படிச்சுட்டு நிச்சயம் சண்டைக்கு வருவான். நீங்களும் வாங்க, பின்னூட்டப் பெட்டி திறந்துதான் இருக்கு.